செக்கு எண்ணெய்: லிட்டருக்கும் கிலோவுக்கும் உள்ள கணக்கு

கேள்வி: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைத் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீடுகளுக்கு லிட்டர் பாட்டிலில் கொடுக்கும்போது, சிலர் எடை போட்டுப் பார்த்து, ‘900 கிராம் சொச்சம்தான் நிற்கிறது’ என்று சண்டைக்கு வருகிறார்கள். இது அளவுக் குறைவா?
- வாசகர், பல்லடம்

பதில்: அளவுக் குறைவு இல்லை. தண்ணீர்தான் 1 லிட்டருக்கு 1 கிலோ நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் மிதக்கிறது. கடலை எண்ணெய் 1 லிட்டர் சுமார் 910 கிராம். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஏறத்தாழ இதே கணக்குதான். திருப்பிச் சொன்னால், 1 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 1,100 மில்லி வரும்.

ஆனால், வாடிக்கையாளரின் கோபத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. செக்கில் 40 கிலோ எண்ணெய் இறங்கினால், லிட்டர் பாட்டிலில் அது 44 பாட்டில் ஆகும். பருப்பு விலை, ஆட்டுக்கூலி எல்லாம் சேர்த்து கிலோ 300 ரூபாய் என்று விலை கட்டுகிறவர், அதே 300 ரூபாயை லிட்டருக்கும் வாங்கினால், வாங்குபவருக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 27 ரூபாய் நட்டம். லிட்டர் விலை 273 ரூபாய்தான் வர வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சூடும் அளவை மாற்றும். சோயா எண்ணெய் 1 லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சூடான எண்ணெய் என்று லேபிளில் குறித்துவிட்டு எடையைக் குறைக்க இது வழிவிட்டது. அதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல், லிட்டரோடு சரியான எடையையும் லேபிளில் போட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. நம் விவசாயிகளும் ‘1 லிட்டர் - 910 கிராம்’ என்று இரண்டையும் அச்சடித்துவிடலாம். பாட்டிலில் கண்ணளவுக்கு ஊற்றாமல், தராசில் வைத்து 910 கிராம் நிறுத்து அடைப்பது நல்லது. காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆட்டுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். மார்கழிக் குளிரில் உறைந்து சுருங்கும் எண்ணெயைப் படியில் எப்படி அளப்பது?

எல்லாப் பொருளும் இப்படி லேசாக இருக்காது. பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் 28 காட்டினால், அந்தப் பால் 1 லிட்டர் 1,028 கிராம். தேன் 1 லிட்டர் ஏறத்தாழ 1,400 கிராம் நிற்கும். தேனை லிட்டரில் வாங்கி கிலோவில் விற்கும் வியாபாரிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதல்லவா?

தானியத்திலும் மாவிலும்தான் தொல்லை அதிகம். வள்ளத்துக்கு 4 படி என்று நம் பக்கம் அளந்த காலத்தில்கூட, படி ஊருக்கு ஊர் மாறியது. கேழ்வரகு மாவைச் சலித்துப் போட்டால் ஒரு எடை, தட்டி அமுக்கினால் வேறு எடை. பொதுவான ஒரு எண்ணைச் சொல்லிப் பயனில்லை; வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலி டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்புங்கள். 200 கிராம் வந்தால், அது 200 மில்லி டம்ளர். ஈரம் துடைத்து, விற்கும் மாவையோ சாமையையோ தலைதட்டி நிரப்பி மறுபடி எடை போடுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் போதும்.

தராசு மின்னணுத் தராசு என்றால், ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் முத்திரை வாங்க வேண்டும். எண்ணெய் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.