பிக்-அப் செய்வதும் பசி எடுப்பதும்

1981-ல் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை கிடைத்து நாக்பூருக்கு வந்து இறங்கியபோது, என்னிடம் இருந்தது பாலிடெக்னிக் பாடப் புத்தக ஆங்கிலம்தான். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், லைன் ஓரத்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து இன்ஸ்பெக்டர், "ரிலே பிக்-அப் ஹுவா?" என்று குரல் கொடுத்தார். பிக்-அப் என்றால் கையில் எடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். பலகைமேல் இருந்த ரிலேயைத் தூக்கப் போய்விட்டேன். நல்ல வேளை, ஓடி வந்து தடுத்துவிட்டார்.

வண்டி இல்லாத தண்டவாளத்தின் வழியாக மின்சாரம் வந்து ரிலேயின் சுருளில் பாயும். உள்ளே ஒரு சிறு இரும்புத் தகடு மேலே எழும்பும். அதுதான் பிக்-அப். வண்டி வந்துவிட்டால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். தகடு விழும், சிக்னல் சிவப்பாகும். அன்று அந்த மனிதர் சிரிக்கவில்லை. டீக்கடையில் உட்கார வைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்.

அதற்குப் பிறகு இந்தச் சொல் என்னை விடவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் விருந்தாளியைக் கூட்டி வருவது பிக்-அப். வண்டி வேகம் பிடித்தாலும், வியாபாரம் சூடு பிடித்தாலும், காய்ச்சலில் படுத்தவர் தேறி வந்தாலும் அதே சொல். மூட்டை ஏற்றும் சின்ன லாரிக்கும் அதுவே பெயர். நம் பிள்ளைகள் தெருவில் விளையாடியே ஹிந்தியும் மராத்தியும் கற்றார்களே, அதுவும் பிக்-அப்தான். வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவது அயலாருக்குப் பெரும் சங்கடம் என்று சாமுவேல் ஜான்சனே 1755-ல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் ரிலேயைத் தூக்கப் போனதில் பெரிய வெட்கம் ஒன்றுமில்லை.

இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், என் பேத்தியால்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். கும்பகோணத்திலிருக்கும் என் அக்கா போனில் அவளிடம், "என்னடி கண்ணு, மணி ஒன்பதாச்சே, இன்னும் பசி எடுக்கலையா?" என்று கேட்டாள். குழந்தை, "எங்கேருந்து எடுக்கணும் பாட்டி?" என்றது. அந்தப் பக்கம் வீடே சிரித்தது. இந்தப் பக்கம் நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன். அன்றிலிருந்து ஊரிலிருந்து போன் வந்தால், "நீங்களே பேசுங்க தாத்தா" என்று உள்ளே போய்விடுகிறாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் என்ன தவறு? நாம் கடையில் துணி எடுக்கிறோம், சொந்தத்தில் பெண் எடுக்கிறோம், கல்யாணத்தில் படம் எடுக்கிறோம். பாம்பும் படம் எடுக்கிறது! நல்ல பேர் எடுக்கிறோம், வாந்தியும் எடுக்கிறோம். இவற்றில் எதையும் கையால் தூக்குவதில்லை. ஆங்கிலத்தில் பிக்-அப் புரியாத பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்து டியூஷன் வைக்கும் நாம், தமிழில் 'எடு' புரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் குறை சொல்லவில்லை. நடத்துபவர்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் எழுத்துப் பயிற்சி, பிறகு ஆண்டு விழாவுக்குக் குறள் ஒப்பித்தல் என்றே வகுப்பு முடிந்துவிடுகிறது. பத்துக் குறள் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளைக்குப் பாட்டி கேட்கும் கேள்வி புரியாமல் போகிறது. எடு, போடு, விடு, பிடி, வை போன்ற சொற்களில், வாரத்துக்கு ஒன்றாவது, வீட்டில் பேசும் வாக்கியங்களோடு சொல்லித் தரலாமே. பாட்டி தாத்தாக்களே வந்து பேசலாம். நான் வரத் தயார்.

அக்காவிடமும் சொன்னேன். "ஏண்டா, குழந்தை பேசினா நாங்க சிரிக்கக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டாள். தாராளமாகச் சிரி, சிரித்து முடித்ததும் விளக்கமும் சொல்லிவிடு என்றேன். பேத்தி இன்னும் போனுக்கு வரவில்லை.