மலையேறும் முன் மூடியைப் பாருங்கள்

மே மாத விடுமுறையில் கொடைக்கானல் போகிற வழியில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கார்கள் ஓரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வத்தலக்குண்டு தாண்டினால் மலைப்பாதை. சின்ன கியரிலேயே ஏறும்போது இன்ஜின் சூடு அதிகம்; வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு.

மேலே குளிர்தானே, பிறகென்ன என்கிறீர்களா? உயரத்தையும் கணக்கில் சேருங்கள். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடி மாதிரி. அழுத்தத்தைப் பிடித்துவைத்து, 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் காக்கிறது. சில கார்களில் இந்த மூடி கூலன்ட் டேங்க்கின் மேல் இருக்கும். அதன் ரப்பர் விரிசல் விட்டால் அழுத்தம் நிற்காது. ஊருக்குள் தெரியாத கோளாறு, கொண்டை ஊசி வளைவில் தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த ‘பிரஷர் டெஸ்டர்’ வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதை மாட்டிக் காற்றடித்த பிறகு மீட்டர் முள் இறங்கினால், எங்கோ கசிவு என்று அர்த்தம். மூடியையும் அதிலேயே சோதிக்கலாம். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்காதீர்கள். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால், ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. பீய்ச்சியடிக்கும் ஆவியில் முகமும் கையும் வெந்துவிடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் ஏரி அங்கேதான் இருக்கும்.