மஞ்சள் விளக்கு

காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலை நான்கரைக்கே காரை எடுப்பவன் நான். கார், அப்பா விட்டுச் சென்ற புரோட்டோன் பெர்டானா வி6. போன மாதம் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

இந்த விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் காரை எடுக்கவே கூடாது.

முதல் பட்டறையில் சோதிக்காமலேயே, “பம்ப் போச்சு, 2,800 வெள்ளி” என்றார்கள். வேண்டாமென்றால் பல்பைக் கழற்றிவிடலாமாம்! இப்படிப் பல்ப் கழற்றிய கார்கள் சாலையில் எத்தனையோ.

இரண்டாவது பட்டறையில் வயதான ஃபோர்மேன் ஒருவர். பியூஸைப் பார்த்தார், பிறகு நான்கு சக்கர சென்சார்களிலும் மீட்டர் வைத்தார். மூன்று ஏறக்குறைய 1,000 ஓம் காட்டின. முன் இடது சக்கரத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே வயர் அறுந்திருந்தது.

புதியது எங்கும் கிடைக்கவில்லை. பெர்டானா, மிட்சுபிஷி எத்தெர்னாவின் வழி வந்தது. அதைச் சொல்லித்தான் ஹாஃப்கட் கடையில் தேடினேன். 120 வெள்ளி. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். சென்சாரைப் பழையதில் வாங்கலாம். பிரேக் பேட், ரப்பர் குழாய் வேண்டவே வேண்டாம்.

மறுநாள் மழை. ஆளில்லாத சாலையில் ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென அதிர்ந்தது. கார் நேராக நின்றது.

அப்பா இருந்திருந்தால், “விலை பேசினாயா?” என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.