நல்லதங்காளும் கருணைப் பொத்தானும்

பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளிமலை

கணினியிலும் அலைபேசியிலும் வரும் பயங்கர விளையாட்டுகள் பிள்ளைகளின் உள்ளத்தைக் கெடுக்கின்றன என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும் அவற்றில் வரும் பூதங்களைக் கண்டு அஞ்சும் பெரியோர், தாங்களே நமக்குச் சொன்ன கதைகளைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கிரிம் சகோதரர்கள் 1812-ல் ஜெர்மனியில் வெளியிட்ட முதற்பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாயே! நம் நல்லதங்காள் கதையோ அதனினும் கொடிது. பஞ்சத்தில் வாடிய அவள் ஏழு பிள்ளைகளுடன் மானாமதுரையிலிருந்து அண்ணன் வீடு தேடி அர்ச்சுனாபுரம் வருகிறாள். அண்ணன் இல்லாத நேரம். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். முடிவில் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தாயும் விழுகிறாள். இதைக் கேட்டு அழாத பாட்டிமார் உண்டோ? கேட்டதனால் எவரும் கெட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே பயங்கரம் நமக்குப் புதிதன்று. புதிது எதுவெனில், விளையாட்டில் கை நம்முடையது.

2017-ல் ஸ்வீடன் நாட்டார் உருவாக்கிய ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ என்பதில், மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த ஒரு சிறுமி வருகிறாள். அவள் பெயர் சிக்ஸ். போகப் போக அவளுக்குப் பசி முற்றுகிறது. ஒரு குட்டி உயிர் இரக்கப்பட்டுத் தன்னிடமுள்ள உணவை நீட்டுகிறது. அவளோ உணவை விட்டுவிட்டு, நீட்டிய உயிரையே தின்றுவிடுகிறாள். அதைத் தடுக்க நமக்கு வழியே இல்லை. அதுவரை அவளை நடத்தி வந்தவர் நாம். முக்கியமான நேரத்தில் நம்மைத் தள்ளி நிறுத்திவிடுகிறார்கள். உடல் சிலிர்க்கிறது, பொறுப்பு மட்டும் வரவில்லை.

அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் 2015-ல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ வேறு விதம். மலைப் பிளவில் விழுந்த குழந்தையை, ஆட்டு முகம் கொண்ட டோரியல் என்னும் தாய் எடுத்து, பலகாரம் சுட்டு வைத்துப் பேணுகிறாள். குழந்தை புறப்பட முயலும்போது, வெளியே ஆபத்து என்று வழி மறிக்கிறாள். அவளைத் தாக்கவும் செய்யலாம், ‘கருணை’ என்ற பொத்தானை அழுத்தவும் செய்யலாம். ஒருமுறை அழுத்தினால் பயனில்லை. பத்து முறை, இன்னும் பலமுறை அழுத்த வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமலேயே பலர் அவளைக் கொன்றுவிடுகின்றனர். பிறகு மனம் உறுத்த, விளையாட்டைப் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி அவளைப் பிழைக்க வைக்கின்றனர். தப்பித்தோம் என்று நினைக்கும்போது ஒரு பூ சிரித்துக்கொண்டே வந்து, முன்பு நீ அவளைக் கொன்றது எனக்குத் தெரியும் என்கிறது! பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு உண்டு. அதனால் நடந்தது நடவாததாகிவிடாது. நம் ஞானோபதேச வகுப்பில் படித்ததை ஒரு பூ சொல்லக் கேட்பது வேடிக்கைதான்.

இவ்விளையாட்டுகளை நம்மில் பலர் ஆடுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று, வேறொருவர் ஆடிய காணொளியைப் பார்க்கிறோம். அதில் இரத்தம் உண்டு, அலறல் உண்டு, தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் இல்லை. என் எண்ணத்தில் தீமை அதிகம் இருப்பது அங்கேதான். அன்னையரும் அருட்சகோதரியரும் தடுக்க விரும்பினால் முதலில் அதைத் தடுக்கட்டும். மற்றதில், “நீ எதை அழுத்தினாய், ஏன்?” என்று அருகில் அமர்ந்து கேட்டாலே போதும்.

நல்லதங்காள் கதையை யாரேனும் விளையாட்டாக்கினால், ஆடுபவருக்கு நல்லதங்காளைத் தரலாகாது. அவளுக்காக நாலு சொட்டுக் கண்ணீர் விட்டு, நாம் நல்லவர்கள் என்று எழுந்து போய்விடுவோம். எனக்கு மூளி அலங்காரியைத் தரட்டும். ஊரெங்கும் பஞ்சம். குதிரில் உள்ள நெல் எத்தனை நாளைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாது. கணவன் எப்போது திரும்புவான் என்பதும் தெரியாது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. வாசலில் ஏழு பிள்ளைகள் “அத்தை” என்று அழைக்கிறார்கள். தாழ்ப்பாளின் மேல் என் கை இருக்கிறது. அப்போது அது எப்பக்கம் நகரும் என்று இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.