இன்சுலினுக்கு ஐஸ் எதற்கு?

"ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்தா அது வெறும் தண்ணிதான்." பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்சுலின் போடுபவர் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. இதை நம்பித்தான் என் பெரியம்மா வெளியூர் போவதையே குறைத்துக்கொண்டார். தவிர்க்க முடியாத கல்யாணம் என்றால் மருந்தை வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு வேளைதானே" என்று ஊசி இல்லாமல் இருந்துவிடுவார். மருந்து கெட்டுவிடுமோ என்ற பயத்தில் மருந்தையே விடுவது எந்த ஊர் நியாயம்? முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வேளை உயிருக்கே உலை வைக்கும்.

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்ற ஃப்ரிட்ஜ் விதி பிரிக்காத குப்பிக்கும், நெடுநாள் சேமித்து வைக்கும் மருந்துக்கும் உரியது. பிரித்துப் பயன்படுத்தும் குப்பியையோ பேனாவையோ 25, 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்றுதான் பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறது. சரியான வரம்பு மருந்துக்கு மருந்து மாறும். தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரம்பலூரில் ஏறினால் சென்னைக்கு ஐந்து மணி நேரப் பஸ் பயணம். அதற்குள் தண்ணீராகிவிடும் மருந்து இல்லை இது.

"அப்படியானாலும் ஐஸில் வைத்தால் பாதுகாப்புதானே?" இல்லை. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் மூலக்கூறுகள் சிதைந்து திரண்டுவிடும். திரும்ப உருக வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. வெயிலில் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். உறைநிலையிலோ ஒரே இரவில் குப்பி வீணாகிவிடும். பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி நடுவே குப்பியைச் செருகுவதும், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை நேராக அதன்மேல் வைப்பதும் காப்பாற்றுவது போலத் தெரியும். கெடுக்கிற வேலை அது. ஐஸ் வைத்தே ஆகவேண்டும் என்றால் குப்பிக்கும் ஐஸுக்கும் நடுவே மடித்த துண்டு இருக்கட்டும். வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசரை ஒட்டிய இடம் ஆகாது. விமானத்தில் போகிறவர்கள் மருந்தைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்வதற்கும் இந்த உறைநிலைப் பயம் ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ எங்க வேணா வைக்கலாம்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். தாளில் சொல்லும் 'அறை வெப்பநிலை' நம் ஊர் அறையின் வெப்பநிலை அல்ல. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் என்ன இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட முடிவின்படி, 32, 37 டிகிரியில் 28 நாள் வைத்த இன்சுலின் பத்து சதவீதத்துக்கும் மேல் வீரியம் இழந்தது. ஆனால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் பகலில் 37, இரவில் 25 என்று ஏறி இறங்கும் வெப்பத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி நான்கு வாரம் வைத்தபோது, இழப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. முன்னதில் இடைவிடாத சூடு. பின்னதில் இரவு தோறும் ஆறிய சூடு. வேறு காரணங்களும் இருக்கலாம். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஒரு நாள் பயணத்துக்கு நடுங்க வேண்டாம், மாதக்கணக்கில் சூட்டில் போட்டுவைக்கவும் வேண்டாம்.

சூட்டிலிருந்து காக்க மருந்தை மண்பானையில் வைக்கலாம் என்றால் அடுத்து வருவது, "மண்பானை எல்லாம் பாட்டி காலத்துப் பேச்சு" என்பது. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதில் பாட்டியும் இல்லை, பேத்தியும் இல்லை. கடற்கரை ஊர்களைவிட, சித்திரை வைகாசியில் காற்று காய்ந்து கிடக்கும் நம் இரண்டு மாவட்டங்களிலும் இது நன்றாகவே வேலை செய்யும். குப்பியை மூடி இறுகிய சிறு டப்பாவில் போட்டுப் பானைத் தண்ணீரில் மிதக்க விடலாம். அல்லது அகன்ற சட்டியில் ஈர மணல் பரப்பி, அதில் சின்னப் பானையைப் பதித்து, உள்ளே மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடலாம். பயணத்துக்குத் தண்ணீரில் நனைத்து எடுக்கும் குளிர்ச்சிப் பைகள் விற்கின்றன. சூத்திரம் இதே பானைதான். அந்தப் பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் திணித்தால் காற்றுப் படாது, குளிர்ச்சியும் வராது. ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் பானை சோம்பிப் போகும். அப்போது வெயிலும் அவ்வளவு இருக்காது.

"பார்த்தாலே கெட்டது தெரியும்" என்பதும் பாதி உண்மை. தெளிந்திருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, கலங்கலான வகையை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலோ தூக்கி எறியுங்கள். ஆனால் சூட்டில் வீரியம் குறைந்த குப்பி பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது குளுக்கோமீட்டர்தான். சாப்பாடு, அளவு எதுவும் மாறாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் மருந்தையும் சந்தேகப்படுங்கள். புதுக் குப்பியைப் பிரியுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். பிரித்த தேதியைப் பேனாவால் குப்பியில் எழுதிவைத்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

பஸ்ஸில் டிக்கிக்குப் போகும் பெட்டியில் மருந்து வேண்டாம். டிரைவர் பக்கத்து எஞ்சின் மேட்டில் வேண்டவே வேண்டாம். காரில் டேஷ்போர்டிலோ, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ விடக்கூடாது. அரியலூரில் ரயில் ஏறுகிறவர்கள் வெயில் அடிக்காத பக்கமாகப் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டால் போதும்.