மொழிச் சான்றிதழும் நம் பிள்ளைகளும்



பங்கு அலுவலகத்திற்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் முன்னாளில் பெரும்பாலும் திருமணத்தை முன்னிட்டே வந்தனர். இந்நாளிலோ, பிள்ளையை வெளிநாட்டிற்குப் படிக்க அனுப்ப விழையும் பெற்றோரும் வருகின்றனர். நற்சான்று எழுதித் தருவது நமக்கு எளிது. ஆனால் அவர்களுடைய உறக்கத்தைக் கெடுப்பது, நாம் தர இயலாத வேறொரு சான்றிதழ். அதுவே மொழித் தகுதிச் சான்றிதழ். தறி ஓட்டியும், மரவள்ளி பயிரிட்டும், லாரி ஓட்டியும் சேர்த்த பொருளும், பிள்ளையின் எதிர்காலமும் இதனைச் சார்ந்திருத்தலால், இதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

ஆங்கில வழியில் பட்டம் பயிலப் பல நாடுகள் ஏற்றுக்கொள்வது ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் தேர்வு. அது கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளை உடையது. கேட்டலுக்கு ஏறத்தாழ 30 நிமிடம். படித்தலுக்கும் எழுதுதலுக்கும் தலா 60 நிமிடம். பேசுதலுக்கு 11 முதல் 14 நிமிடம். மதிப்பீடு 9 வரை செல்லும். முதுகலைப் படிப்பிற்குப் பல பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கின்றன, எந்தப் பகுதியும் 6க்குக் குறையலாகாது என்று விதிப்பனவும் உண்டு. ஜெர்மன் மொழியிலேயே பட்டம் பயில விரும்புவோரிடம் பொதுவாகக் கேட்கப்படுவது சி1 என்னும் நிலை. ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் அது ஐந்தாவது. அங்கும் சோதிக்கப்படுபவை இதே நான்கு திறன்களே.

நம் பகுதிப் பிள்ளைகள் இடறி விழுவது இவ்விடத்தில்தான். ராசிபுரம், நாமக்கல் வட்டார உறைவிடப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணால் தமிழகமெங்கும் பெயர் பெற்றவை. விடியுமுன் எழுந்து, இரவு வெகுநேரம் வரை படித்து, ஆங்கிலத் தாளிலும் உயர்ந்த மதிப்பெண் பெறும் பிள்ளைகள் நம்மிடையே பலர். எனினும், அந்த மதிப்பெண் பெரும்பாலும் படித்தலுக்கும் எழுதுதலுக்கும் உரியது. எழுதுதலிலும் மனப்பாடத்தின் பங்கு பெரிது. கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அப்பிள்ளை செலவிட்ட நேரம் மிகச் சொற்பம். தேர்வாளர் எதிரே அமர்ந்து, “நீங்கள் வளர்ந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டவுடன் நா எழுவதில்லை. இது அறிவின்மை அன்று; பழக்கமின்மையே ஆகும்.

பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு நாம் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. நாமக்கல் லாரி ஓட்டுநர்களையும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பணியாற்றுவோரையும் பாருங்கள். பள்ளியில் அதிகம் பயிலாதவர்களும் இந்தியும் தெலுங்கும் தடையின்றிப் பேசுகின்றனர். சோதனைச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் முதலில் காதால் கேட்டனர், பிழைக்கு நாணாமல் பேசினர், மொழி வசமாயிற்று. பிள்ளைகளிடம் இல்லாத பாதி இத்தந்தையரிடம் உள்ளது. தந்தையரிடம் இல்லாத பாதி பிள்ளைகளிடம் உள்ளது.

இவ்விரு பாதியையும் ஒருங்கே பெற்ற ஒருவர் நம் மண்ணில் நடந்திருக்கிறார். 1606இல் மதுரை வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி அடிகள், 1623இல் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். தமிழும், தெலுங்கும், வடமொழியும் கற்று, அவற்றில் பேசவும் நூல் எழுதவும் வல்லவரானார். அவரிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆயினும், மொழியறியாதவனுக்கு அயல்நாட்டில் வாசல் திறவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

குறுக்கு வழி காட்டுவோரும் உளர். “தேர்வுக் கவலை வேண்டா, யாவும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்போரிடம் விழிப்பாயிருங்கள். பிரிட்டனில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்வது நலம். அங்கு விசாவிற்காக ஏற்கப்பட்ட டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை 2014 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி வெளிப்படுத்திற்று. பின்னர் 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகள் ஆராயப்பட்டு, அவற்றுள் நூற்றுக்கு 97 செல்லாதவை என்றோ ஐயத்திற்குரியவை என்றோ குறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் விசா இழந்தனர். நேர்மையாகத் தேர்வெழுதியவர்களும் அந்த வலையில் அகப்பட்டு, தம் பெயரைக் காக்க ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. சிலர் செய்த வஞ்சனையின் கூலியைப் பிறரும் சுமந்தனர்.

ஆதலின் பெற்றோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, பிள்ளை சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகளை, இடைத்தரகர் வாய்மொழியை நம்பாமல், நேரில் படித்தறியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையோ, ஆங்கில வழியில் பயின்றதாகக் கல்லூரி தரும் கடிதத்தையோ ஏற்கின்றன. அத்தகைய இடத்தில் தேர்வுக் கட்டணமான 17,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை மிச்சமாகும். இரண்டாவது, ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும். காலமறிந்து எழுதச் செய்யுங்கள். மூன்றாவது, விதிகள் மாறும். கனடா 2018இல் தொடங்கிய மாணவர் விரைவு விசா முறையை 2024 நவம்பரில் நிறுத்திவிட்டது. பழைய செய்தியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

நான்காவதே தலையாயது. கடைசி மூன்று மாதப் பயிற்சியை நம்பியிராமல், பிளஸ் ஒன் வகுப்பிலேயே தொடங்குங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கிலச் செய்தியைக் கேட்கட்டும். கேட்டதை ஐந்து நிமிடம் தன் சொற்களில் சொல்லட்டும். ஆங்கிலம் அறியாத தாயும் இதற்கு உதவலாம். அதே செய்தியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் வாய் திறந்து பேசப் பழகாத பிள்ளை, தேர்வாளர் முன் திடீரென எவ்வாறு பேசும்?

சான்றிதழ் பல்கலைக்கழக வாயில் வரையில்தான் துணை வரும். உள்ளே பேராசிரியரின் விரிவுரையைப் புரிந்துகொள்ளவும், நோயுற்ற நாளில் மருத்துவரிடம் தன் நிலையை எடுத்துரைக்கவும், தனிமையில் ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளவும் பிள்ளைக்குத் துணையாவது மொழியே. அதனைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். தாள் தானே வந்து சேரும்.