செய்தியில் நாம் யார்?

இடம்பெயர்ந்து வந்து மட்டக்குளியில் வாடகை அறைகளில் வாழும் விவசாயக் குடும்பங்களிடம் நாம் ஒன்றைக் கவனித்திருக்கின்றோம். மாலையில் தேசியச் செய்தி தொடங்கும். மரக்கறி விலையையும் காலநிலையையும் நம்பிக் கேட்பார்கள். தமது பிரதேசம் பற்றிய செய்தி வந்ததும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "உண்மையோ?" என்று விசாரிப்பார்கள்.

இந்த அவநம்பிக்கை ஒரே நாளில் முளைத்ததல்ல. தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், எமது மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கி, இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். 2009 இன் தொடக்கத்தில், வன்னியில் ஓர் இலட்சத்துக்கும் குறைவானோரே எஞ்சியுள்ளனர் என்று அரசாங்கம் கூறியது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோரோ இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதால் அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் குறைந்தன என்பதை 2011 இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. செய்தியில் சொல்லப்படும் ஓர் எண் எமது குழந்தைகளின் சோற்றைத் தீர்மானிக்கும்.

ஆனால் பொய் மட்டுமே பிரச்சினையல்ல. யார் பேசுகிறார் என்பதும் பிரச்சினையே. காணி பற்றிய செய்தியில் அமைச்சர் பேசுவார், அதிகாரி பேசுவார். உழுதவரோ நிவாரண வரிசையில் கைநீட்டி நிற்கும் படமாக வருவார். எத்தனை ஏக்கர், எந்தக் குளத்து நீர், எத்தனை காலபோகம் தவறியது என்று அவரிடம் கேட்பவர் அரிது. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கும் தெற்கின் ஏழைச் சிங்கள விவசாயிக்கும் பெரும்பாலும் இதே கதிதான். பிரித்தானியாவிலும் முதலாளிமார் அமைதியான அலுவலகத்திலிருந்து பேச, வேலைநிறுத்தம் செய்தோர் தெருச் சத்தத்தின் நடுவே காட்டப்பட்டதைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1976 இல் எடுத்துக்காட்டினர்.

அலைவரிசை எவருடைய சீதனமுமல்ல. அது பொதுமக்களின் சொத்து என்பதை 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது எமது உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியதால், அதில் பங்குகொண்ட நேயர் ஒருவரின் பேச்சுரிமை மீறப்பட்டதாக அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் அமைச்சரல்ல, ஒரு நேயர்.

ஆகவே, குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. எமது காணி பற்றித் தவறான செய்தி வந்தால், திகதி, கிராமம், ஏக்கர் அளவு ஆகியவற்றைக் குறித்துக் கூட்டாகக் கடிதம் எழுதுவோம். அரச நிறுவனங்களிடம் விபரம் கோர 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. அதைப் பயன்படுத்துவோம். இன்னொன்று: எமக்குச் சாதகமானது என்பதற்காகவே ஒரு வதந்தியை நாம் பரப்பினால், பிறரிடம் உண்மை கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

எமக்காகப் பேச எவராவது வருவார் என்று காத்திருந்தது போதும். எமது வயலின் கணக்கு எமக்குத்தான் தெரியும். அதை நாமே சொல்லுவோம்.